குளியலறைப் புதுப்பிப்பு பட்ஜெட்: மேலே மெழுகுவதா, முழுக்க உடைப்பதா?

குளியலறையைப் புதுப்பிக்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் நாம் முதலில் போய் நிற்கிற இடம் டைல்ஸ் கடைதான். வெளிச்சம் போட்டு வைத்த சுவரில் ஏதோ ஒரு டைல் பிடித்துப்போகும். சதுர அடி என்ன விலை என்று கேட்டு, குளியலறையின் நீள அகலத்தால் பெருக்கி, மனசுக்குள் ஒரு தொகையைப் போட்டுக்கொள்வோம். கடைசிவரை அதுதான் பட்ஜெட். வேலை முடியும்போது அதைப்போல இரண்டு மூன்று மடங்கு போயிருக்கும். இதில் யாரும் நம்மை ஏமாற்றியிருக்கத் தேவையில்லை. கணக்கை ஆரம்பித்த இடமே தப்பு.

கண்ணுக்குத் தெரிகிற டைலுக்குப் பின்னால் ஒட்டுப் பசை, அதற்குப் பின்னால் நீர்த்தடுப்புப் பூச்சு, பிறகு சிமெண்ட் பூச்சு, அதற்குள்ளே தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், வயர் எல்லாம் இருக்கின்றன. இவற்றில் எதைத் தொட்டாலும் டைல் உடையும். அதனால் ஒவ்வொரு செலவுக்கும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். நாளைக்கு இதை மாற்ற நினைத்தால் டைலை உடைக்க வேண்டுமா, ஸ்பேனரும் திருப்புளியும் போதுமா? உடைக்கத்தான் வேண்டும் என்றால் இன்றைக்கே நல்லதாகப் போட்டுவிட வேண்டும். திருப்புளி போதும் என்றால் இப்போதைக்கு மலிவாக வாங்கி ஒப்பேற்றலாம். கண்ணாடி, விளக்கு, குழாய்த் தலைகள், ஷவர், குளோசெட்டின் மூடி, அலமாரி எல்லாம் இரண்டாவது வகை. நீர்த்தடுப்பு, குழாய், வடிகால், வயர் எல்லாம் முதல் வகை. கடைக்குப் போனால் நம் மனசு இதற்கு நேர் எதிராக ஓடும். அந்த இழுப்பைத் தெரிந்துகொண்டு கணக்குப் போட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சரி, எவ்வளவு ஆழமாக இறங்குவது? மூன்று வழிகள் உண்டு. முதலாவது மேலோட்டமான புதுப்பிப்பு. டைல் அப்படியே இருக்கும். இடுக்குகளில் இருக்கும் பழைய கிரவுட்டைச் சுரண்டிப் புதிதாக நிரப்புவது, சிலிக்கான் ஓரங்களை மாற்றுவது, குழாய், வாஷ்பேசின், விளக்கு, கதவு, பெயிண்ட் என்று மட்டும் தொடுவது. இரண்டாவது, பழைய டைலின் மேலேயே புது டைல் ஒட்டி, குளோசெட், பேசின் ஆகியவற்றை அதே இடத்தில் மாற்றுவது. மூன்றாவது, செங்கல் தெரிகிற வரை உடைத்து எடுத்து, குழாய், வடிகால், நீர்த்தடுப்பு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்வது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கையில் இருக்கும் பணம் முடிவு செய்யக் கூடாது. குளியலறையின் நிலைமைதான் முடிவு செய்ய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு மாலைப் பொழுது போதும். ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு டைல் டைலாகத் தட்டிப் பாருங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் டைல் 'டிக்' என்று இறுக்கமாகச் சத்தம் கொடுக்கும். அடியில் காற்று இருந்தால் காலி டப்பாவைத் தட்டிய மாதிரிக் கேட்கும். தரையில் ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. நாலில் ஒன்று பொள்ளலாக இருந்தால் முதல் இரண்டு வழிகளையும் மறந்துவிடலாம். அடுத்து, குளியலறைச் சுவருக்கு மறுபக்கம் போய்ப் பாருங்கள். பெயிண்ட் உப்பியிருக்கிறதா, வெள்ளை உப்புப் பூத்திருக்கிறதா, கையை வைத்தால் ஓதம் தெரிகிறதா? கீழே ஒரு வீடோ அறையோ இருந்தால் அதன் கூரையையும் பார்க்க வேண்டும். பிளஷ் டேங்கில் கொஞ்சம் நிறப்பொடியைக் கரைத்து அரை மணி நேரம் யாரும் பிளஷ் செய்யாமல் விட்டால், டேங்க் ஒழுகுகிறதா என்பதும் தெரிந்துவிடும். ஒழுகினால் கோப்பைக்குள் நிறம் இறங்கியிருக்கும்.

கடைசிச் சோதனைதான் முக்கியம். வடிகால் வாயைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு 24 மணி நேரம் விடுவது. கோடு கொஞ்சம் இறங்குவது ஆவியாவதால் இருக்கலாம். கீழ்க் கூரையிலோ பக்கத்துச் சுவரிலோ ஈரம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், தரையடியில் கசிகிறது. ஏற்கெனவே கீழே கறை இருக்கிறது என்றால் இந்தச் சோதனையே தேவையில்லை. இன்னொருத்தர் தலையில் எதற்குத் தண்ணீரைக் கொட்ட வேண்டும்?

இந்தச் சோதனைகளில் தேறிவிட்டால் மேலோட்டமான புதுப்பிப்பைப் போல லாபமான வழி வேறில்லை. பழசாகத் தெரியும் குளியலறைகளில் பல உண்மையில் பழசாக இருக்காது. இடுக்குக் கறுத்திருக்கும், சிலிக்கான் பூஞ்சை பிடித்திருக்கும், விளக்கு மங்கலாக இருக்கும், குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கும். இடுக்கைச் சுரண்டி எபாக்சி கிரவுட் (இரண்டு பாகங்களைக் கலந்து பூசுகிற பிசின் வகை) போட்டால் அதே டைல் புதுசு மாதிரி ஆகிவிடும். சிமெண்ட் கிரவுட் தண்ணீரையும் அழுக்கையும் உறிஞ்சும். எபாக்சி அநேகமாக உறிஞ்சாது. விலை பல மடங்கு கூடுதல்தான், ஆனால் ஒரு குளியலறைக்குத் தேவைப்படுவது சில கிலோ மட்டுமே. ஒரே சிக்கல், கலந்த பிறகு சீக்கிரம் இறுகிவிடும். டைல் மேல் படிந்ததை உடனே துடைக்காவிட்டால் பிறகு எடுப்பது பெரிய தலைவலி. பழகிய கையாக இருக்க வேண்டும். மொத்த வேலையும் மூன்று நாலு நாளில் முடிந்துவிடும், வீட்டில் தூசியும் குறைவு. இன்னும் ஐந்தாறு வருஷத்துக்குள் வீட்டை விற்கவோ மாறவோ போகிறவர்கள் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

டைல் மேல் டைல் என்பதுதான் எல்லோருக்கும் ஆசை காட்டுகிற வழி. உடைப்பு இல்லை, இடிபாடு இல்லை, பார்வைக்கு முழுப் புதுசு. எனக்கு இந்த வழியின் மேல் கொஞ்சம் கோபம் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. எங்கள் வீட்டு மாடிக் குளியலறையில் முதல் தடவை இதைத்தான் செய்தோம். செலவு பாதியாகக் குறையும் என்று சொன்னார்கள், குறைந்தது. பார்க்கவும் நன்றாக இருந்தது. இரண்டு வருஷம் கழித்துக் கீழ் அறைக் கூரையில் பழுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. உடைத்துப் பார்த்தால், வடிகால் கிண்ணத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. கருத்த ஈர மண் மாதிரி ஏதோ அதில் அடைந்து கிடந்தது. உடைக்க வந்த கொத்தனார் அதைக் கம்பியால் கிளறிவிட்டு, "மேலே எத்தனை டைல் ஒட்டினாலும் தண்ணி போற வழி அதேதான் சார்" என்றார். அந்தக் கசிவு முதலிலேயே இருந்திருக்கிறது. நாங்கள் அதன் மேல் பூசி மெழுகியிருக்கிறோம். அந்த முறை உடைக்க வேண்டியிருந்தது இரண்டு அடுக்கு.

ஆனாலும் இந்த வழியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சுவருக்கு மட்டும் என்றால், பழைய டைல் உறுதியாக ஒட்டியிருந்தால், கசிவு இல்லையென்று உறுதியானால் நல்ல வழிதான். தரைக்குத்தான் தயங்குகிறேன். புது டைல் 8 முதல் 10 மி.மீ., பசை ஒரு 3 முதல் 5 மி.மீ. என்று வைத்தால் தரை ஒன்றரை சென்டிமீட்டர்வரை உயரும். அப்போது கதவின் அடியை அறுக்க வேண்டும், வாசற்படி உயரம் குறையும், வடிகால் மூடியை உயர்த்த வேண்டும், குளோசெட்டைக் கழற்றி மறுபடி உட்கார வைக்க வேண்டும். 'உடைப்பே இல்லை' என்று சொன்ன வேலையில் இத்தனையும் பின்னாடி வரும். கூடவே ஒரு விஷயம்: வழவழப்பான பழைய டைல் மேல் வெறும் சிமெண்ட் பாலை ஊற்றி ஒட்டினால் நிற்காது. மேற்பரப்பைக் கொத்தியோ பிரைமர் அடித்தோ, அதற்கென்றே வருகிற பாலிமர் கலந்த பசையில்தான் ஒட்ட வேண்டும். கொட்டேஷனில் 'பசை' என்று ஒரு வரி இல்லாவிட்டால் கேட்டுவிடுங்கள்.

முழு உடைப்புக்கு வருவோம். இங்கே செலவு மறைந்திருப்பது உடைப்பதில் அல்ல, உடைத்ததை அள்ளுவதில். 5 அடிக்கு 8 அடி குளியலறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தரை 40 சதுர அடி. சுற்றளவு 26 அடி. 7 அடி உயரத்துக்குச் சுவர் 182 சதுர அடி. அதில் கதவு இரண்டரை அடிக்கு 7 அடி கழித்தால் 164.5. ஆக மொத்தம் சுமார் 205 சதுர அடி, அதாவது 19 சதுர மீட்டர். டைலும் அதன் பின்னால் இருக்கும் கலவையும் சேர்ந்து 3 சென்டிமீட்டர் கனம் என்று வைத்தாலும் இடிபாடு ஒரு டன்னைத் தாண்டும். 25 கிலோ மூட்டையாகக் கட்டினால் 40க்கு மேல். மூன்றாவது மாடியில் இருந்து அத்தனையும் படியில் இறங்க வேண்டும், பிறகு வண்டி ஏற வேண்டும், கொட்ட அனுமதி உள்ள இடத்துக்குப் போக வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்காகவே சொன்னது போல இருக்கும். கொட்டேஷனில் 'உடைத்து அகற்றுதல்' என்று ஒரே வரியில் இருந்தால், அகற்றுவது எதுவரை என்று கேட்க வேண்டும். வாசல்வரையா, வண்டிவரையா, வீட்டைவிட்டே போகிறவரையா?

உடைத்த பிறகு என்ன தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. கிணறு வெட்டப் பூதம் புறப்படுகிற கட்டம் இதுதான். பழைய ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) உள்ளுக்குள் துருப்பிடித்துப் பென்சில் நுழைகிற அளவுக்குச் சுருங்கியிருக்கும், கம்பி துருத்திக்கொண்டு வெளியே வந்திருக்கும், யாரோ எப்போதோ போட்ட வயர் குழாய்கூட இல்லாமல் பூச்சுக்குள் கிடக்கும். அதனால்தான் மொத்தப் பணத்தையும் முதல் நாளே பங்கு போடாதீர்கள் என்கிறேன். கையில் 100 இருக்கிறது என்றால் 15ஐ முதலில் எடுத்து ஒளித்துவைத்துவிட வேண்டும். வீடு 25, 30 வருஷப் பழசு என்றால் 20. 'மிச்சம் இருந்தால் பார்க்கலாம்' என்று கடைசியில் ஒதுக்குகிற தொகை ஒதுக்கீடே இல்லை. உடைப்பும் குழாய் வேலையும் முடிந்து சுவரை மூடுகிற நாள்வரை அதைத் தொடக் கூடாது. அன்றைக்கு அது அப்படியே இருந்தால், அப்புறம் நல்ல ஷவர் வாங்கிக்கொள்ளலாம், யார் வேண்டாம் என்றது.

முழு உடைப்பில் நான் கஞ்சத்தனம் காட்டாத இடங்கள் மூன்று. முதலாவது நீர்த்தடுப்பு. தரை முழுக்கவும், எல்லாச் சுவரிலும் அரை அடி உயரத்துக்கும், ஷவர் இருக்கும் பக்கம் 6 அடி உயரத்துக்கும், ஒன்றுக்குக் குறுக்கே ஒன்றாக இரண்டு கோட் பூச்சு. முதல் கோட் காய்ந்த பிறகுதான் இரண்டாவது. தரையும் சுவரும் சேருகிற மூலையிலும், குழாய் தரையைத் துளைத்து வெளியே வருகிற இடத்திலும்தான் எல்லாக் கசிவும் ஆரம்பிக்கும். அங்கே பட்டையோ கூடுதல் பூச்சோ வேண்டும். முடிந்ததும் மறுபடி அதே தண்ணீர் நிறுத்தும் சோதனை, இந்தத் தடவை 48 மணி நேரம். இரண்டு நாள் வேலை நிற்கிறதே என்று ஆட்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

இரண்டாவது குழாய். பூசுவதற்கு முன் எல்லா வாயையும் அடைத்து அழுத்தம் ஏற்றிச் சோதித்துவிட வேண்டும். சுடுதண்ணீர் போகிற வழிக்கு சி.பி.வி.சி. அல்லது பி.பி.ஆர். மாதிரி சூடு தாங்குகிற குழாய். குளிர்தண்ணீருக்கான சாதாரண பி.வி.சி.யை அங்கே போட்டால் நாளடைவில் வளைந்து இணைப்புகள் விடும். மூன்றாவது மின்சாரம். ஹீட்டருக்குத் தனி வயர், குளியலறைச் சுற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச். இதில் பேரம் கிடையாது.

தரையின் வாட்டம் செலவில் வராது, ஆனால் சேதத்தில் வரும். ஷவர் பகுதியில் மீட்டருக்கு ஒன்றரை முதல் 2 சென்டிமீட்டர் சரிவு வேண்டும். டைலின் அளவும் இதோடு சேர்ந்தது. 2க்கு 2 அடி டைலைத் தரையில் போட்டால் நாலு பக்கமிருந்தும் வடிகாலுக்குச் சரிவு கொடுக்க டைலைக் குறுக்கே வெட்ட வேண்டியிருக்கும். 1க்கு 1 அடி அல்லது அதைவிடச் சின்னது என்றால் தானாகவே வளைந்துகொடுக்கும். சின்ன டைலில் இடுக்கு அதிகம் என்பது உண்மை. ஆனால் இடுக்கு அதிகமானால் வழுக்கலும் குறையும்.

டைல் விலைக்குள் போனால், போர்சிலின் தண்ணீரை 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது. சாதாரணச் சுவர் டைல் 10 சதவீதத்துக்கு மேல்கூட உறிஞ்சும். சுவரில் ஒட்டுவதற்கு அது போதும், எடையும் குறைவு, வெட்டுவதும் எளிது. தரைக்குத்தான் போர்சிலின், அதுவும் வழுக்காத ரகம். அட்டைப் பெட்டியில் 'ஆர் 10', 'ஆர் 11' என்று போட்டிருப்பது வழுக்குத் தடையின் அளவு. எண் கூடினால் பிடிமானம் கூடும், கழுவுவதும் கொஞ்சம் சிரமமாகும். தரை வெறும் 40 சதுர அடிதான் என்பதை நினைவில் வையுங்கள். அங்கே விலை கூடின டைல் போட்டாலும் மொத்தக் கணக்கில் பெரிதாகத் தெரியாது. பணம் போவது சுவரில்தான்.

சுவரில் மிச்சம் பிடிக்க விலை குறைந்த டைலைத் தேடுவதைவிட, உயரத்தைக் குறைப்பது நல்ல வழி. அதே 5க்கு 8 அறையில் ஷவர் மூலையில் மட்டும் மூன்று பக்கமும் சேர்த்து 11 அடி நீளத்துக்கு 7 அடி உயரம், அதாவது 77 சதுர அடி. மீதிச் சுவர் கதவு போக பன்னிரண்டரை அடி. அங்கே 4 அடி உயரம் போதும், 50 சதுர அடி. ஆக 127. முழு உயரத்துக்கு 164.5 வேண்டியிருந்தது. நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம், டைலிலும் ஒட்டுக் கூலியிலும் சேர்த்து. மேலே ஈரம் தாங்கும் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெயிண்ட் ஒரு வருஷத்தில் புள்ளி புள்ளியாகக் கறுக்கும். 8 அடி உயரமுள்ள இந்த அறையின் காற்று 320 கன அடி. அது மணிக்கு எட்டுத் தடவை மாற வேண்டுமானால் நிமிஷத்துக்கு 43 கன அடி. கடையில் 50 கன அடி இழுக்கும் ஃபேனைக் கேட்டால் சரியாக இருக்கும். டைல் வாங்கும்போது வெட்டுக்கும் உடைவுக்கும் 10 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள், மிஞ்சும் நாலைந்தைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த தயாரிப்பில் அதே நிறம் வராது.

இனி, இடம் மாற்றும் ஆசை. குளோசெட் அங்கே இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். பேசினை மாற்றுவது எளிது. அதன் கழிவுக் குழாய் சிறியது, சுவருக்குள் போய்விடும். குளோசெட் அப்படி இல்லை. நாலு அங்குலக் குழாய். 40க்கு 1 என்று சரிவு வைத்தால் 4 அடி தள்ளுவதற்கு 3 சென்டிமீட்டர் இறக்கம். குழாயின் கனம், அதை மூடும் கலவை எல்லாம் சேர்த்தால், குளியலறையின் அடிக் கான்கிரீட் முன்பே பள்ளமாக வார்க்கப்படாத வீட்டில், தரையையே அரை அடி உயர்த்த வேண்டி வரும். குளியலறைக்குள் ஒரு படி ஏறிப் போக விருப்பமா? வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அது விபத்துக்கு அழைப்பு. இருக்கிற இடத்திலேயே குளோசெட்டை வைத்துக்கொண்டு மற்றதை நகர்த்துவதுதான் பட்ஜெட்டுக்கு நல்லது. வாங்கப் போகும் முன் சுவரிலிருந்து கழிவு வாயின் நடுப்புள்ளிவரை அளந்துகொண்டு போங்கள். டைலின் கனத்தையும் சேர்த்து. 9 அங்குலம் உள்ள இடத்துக்கு 12 அங்குலக் குளோசெட் வந்து இறங்கிய வீடுகள் ஏராளம்.

சுவரில் தொங்கும் குளோசெட்டா, தரையில் நிற்பதா? தொங்குவதன் அடியில் துடைப்பம் தாராளமாகப் போகும், பார்க்கவும் அழகு. இடம் மிச்சமாகும் என்று சொல்வதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் மறைவு டேங்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் கேட்கும். சுவரைக் குடைந்து உள்ளே வைக்க முடிந்தால் இடம் மிஞ்சும். சுவருக்கு முன்னால் புதுச் சுவர் எழுப்பினால் கணக்கு சமமாகிவிடும். ஆள் கனமாக இருந்தால் தாங்குமா என்ற பயம் வேண்டாம், சரியாகப் பொருத்திய சட்டம் 400 கிலோவைத் தாங்கும்படி சோதிக்கப்படுவது. என் தயக்கம் வேறு: டேங்கின் உள்ளுறுப்பு பழுதானால் பிளஷ் பட்டன் இருக்கும் அந்தச் சின்ன ஜன்னல் வழியாகத்தான் கை போக வேண்டும். உதிரிபாகம் பத்து வருஷம் கழித்தும் கிடைக்கிற தயாரிப்பாக இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் தரைக் குளோசெட்டும் வெளியே தெரியும் டேங்கும்தான் நிம்மதி. எந்த வகையானாலும் பெரியதற்கு 6 லிட்டர், சிறியதற்கு 3 லிட்டர் என்று இரட்டை பிளஷ் இருக்கட்டும்.

இதே தர்க்கம் ஷவர் டைவர்டருக்கும், அதாவது தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடும் திருகுக்கும். மறைவு டைவர்டரின் உடம்பு சுவருக்குள் இருக்கும், வெளியே தெரிவது முகமூடி மட்டும். அதைப் போடுவதாக இருந்தால் இருப்பதிலேயே நல்ல உடம்பாகப் போட்டுவிட்டு, முகப்பை எளிமையாக வாங்குங்கள். சுவருக்கு வெளியே நிற்கும் மிக்சரில் (சுடுதண்ணீரும் குளிர்தண்ணீரும் கலந்து வரும் குழாய்) அந்தக் கவலையே இல்லை. போர் அடித்தால் அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். பெரிய தட்டு மாதிரி மழை ஷவர் வாங்கப் போகிறீர்களா, முதலில் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் கிடைக்கும் அழுத்தம் 0.1 பார். தொட்டி ஷவரைவிட 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.3 பார். அந்தத் தட்டிலிருந்து மழை வராது, சொட்டுத்தான் வரும். பிறகு பம்பு வாங்க வேண்டும்; அது பட்ஜெட்டில் இல்லாத வரி.

வேலையை யாரிடம் எப்படிக் கொடுப்பது என்பதும் ஒரு ஒப்பீடுதான். பொருளோடு சேர்த்து மொத்த காண்ட்ராக்ட் என்றால் அலைச்சல் இல்லை, தொகை முன்பே தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் அவர்களுக்கு மிச்சம் பிடிக்க வசதி. லேபர் காண்ட்ராக்ட் என்றால் பொருள் நம் கையில். ஒரு முழங்கைக் குழாய் குறைந்தாலும் கடைக்கு ஓடுவது நாம்தான், அதுவரை ஆள் உட்கார்ந்திருப்பார். தினக்கூலி சின்னப் பழுதுக்குச் சரி, முழு வேலைக்கு ஒத்துவராது. எப்போது முடியும் என்று யாருக்கும் அவசரம் இருக்காது. நான் சாய்வது கலப்பு வழிக்கு: நீர்த்தடுப்பு, குழாய், பசை, டைல், குளோசெட் எல்லாம் நாமே வாங்குவது, மணல், சிமெண்ட், கூலி, அகற்றுதல் எல்லாம் அவர்கள் கணக்கு. பணம் கொடுப்பதை நாள் கணக்கில் வைக்காமல் சோதனைக் கணக்கில் வையுங்கள். உடைத்து அகற்றியதும் ஒரு பங்கு, குழாய் அழுத்தச் சோதனை தேறியதும் ஒரு பங்கு, தண்ணீர் நிறுத்தும் சோதனை தேறியதும் ஒரு பங்கு, டைல் முடிந்ததும் ஒரு பங்கு. ஒரு பத்து சதவீதத்தை இரண்டு வாரம் குளித்துப் பார்த்த பிறகு கொடுக்கலாம். இதை முதல் நாளே தாளில் எழுதிக்கொண்டால் கடைசியில் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

எவ்வளவு திட்டமிட்டாலும் நடுவில் துண்டு விழும். அப்போது எங்கே கை வைப்பது? முதலில் அலமாரியையும் கண்ணாடியையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பதில் திரை போதும். ஆனால் தடுப்பு பின்னால் வருவதாக இருந்தால் அதற்கான இடத்தை இப்போதே அளந்து விட்டுவிட வேண்டும். சுவர் டைலின் உயரத்தைக் குறையுங்கள். மிக்சரை ஒரு படி கீழே இறக்குங்கள். சூடு தண்ணீர் ஹீட்டர் பழையதே ஓடினால் ஓடட்டும், வயரை மட்டும் புதிதாகப் போட்டுவிடுங்கள். இவ்வளவும் போதாமல் நீர்த்தடுப்பின் இரண்டாவது கோட்டில் கை வைக்கிற நிலை வந்தால் வேலையை ஒத்திப்போடுங்கள். பாதிப் பணத்தில் மூன்றாவது வழியைத் தொடங்குவதைவிட, முழுப் பணத்தில் முதல் வழியை முடித்துவிட்டு இரண்டு வருஷம் சேர்ப்பது மேல். ஒரே குளியலறை உள்ள வீடானால் இன்னொரு வரியும் சேரும்: முழு உடைப்பு இரண்டு மூன்று வாரமாவது ஆகும், அத்தனை நாளும் குளிக்கவும் போகவும் எங்கே போவது? அந்த ஏற்பாட்டுக்கும் காசு வேண்டும்.

காசே ஆகாத ஒரு வேலையும் உண்டு. சுவரை மூடுவதற்கு முந்தின நாள், அளவு டேப்பை விரித்துச் சுவரோடு ஒட்டவைத்து, குழாயும் வயரும் போகிற வழி தெரியும்படி நாலு பக்கமும் தரையையும் படம் எடுத்துவைப்பது. எங்கள் வீட்டில் இரண்டாவது தடவை உடைத்தபோது எடுத்த ஆறு படங்கள் இன்னும் போனில் இருக்கின்றன. போன மாதம் துண்டு மாட்டும் கம்பிக்கு ஓட்டை போட டிரில்லோடு வந்தவர் கதவுக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்தார். படத்தைத் திறந்து பார்த்தோம். புள்ளிக்கு நேர் பின்னால் சுடுதண்ணீர்க் குழாய். ஒரு ஜாண் தள்ளிப் போட்டார்.